பிக்கப்புக்கு அளவெடுத்த கதை

1

ஊரில் இருந்து கதைக்கிற ஆக்கள் சுகம் கேட்டு, குளிர் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். "வெள்ளைக்கார மருமகள் உங்களைப் பாக்கிறாளாகா?" அந்தக் குரலில் ஒரு இரக்கம் இருக்கும். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்காது.

போன கிழமை கல்லடியில் இருந்து என் மச்சாளும் அதையேதான் கேட்டாள். "அவளுக்கு என்னைப் பாக்க எங்க நேரம்? அவள் பிக்கப்பைப் பாக்கிறாள். நானும் அவளோட சேந்து பிக்கப்பைத்தான் பாக்கிறன்" என்றேன். மச்சாள் "உனக்குக் குளிர் தலைக்கு ஏறிட்டுதுகா" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அவளுக்கும், அவளைப் போல எனக்காக இரக்கப்படுகிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போகும். எழுத்துப் பிழையைத் திருத்துகிறவர்கள் திருத்துங்க. கதையைத் திருத்த வேண்டாம், அது நடந்தபடிதான் இருக்கிறது.

2

நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியலில் இல்-பிசார் என்கிற தீவில். தீவு என்றதும் கடலை நினைக்காதீங்க, சுற்றிவர ஆறுதான். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ரோட்டில் இருந்து கார் ஏறி வர ஒரு பாதை. பஸ் எப்போதாவது வரும். கோயில், கடை, டாக்டர் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். கார் எடுக்க முடியாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

பனி கொட்டினால் அந்தப் பாதை மூடிப்போகும். சின்ன ஆக்கள் சவளால் அள்ளிப் போடுவார்கள். வயது போனவர்கள் என்ன செய்வது? பிக்கப், அதுதான் பின்பக்கம் திறந்த சின்ன லொறி, அதில் முன்னுக்குத் தகடு பூட்டி வைத்திருக்கிறவர்களோடு வின்டர் முழுக்கவுக்கும் காசு பேசிக்கொள்வார்கள். பனி கொட்டி விட்டதும் அவர்கள் வந்து தள்ளிவிட்டுப் போவார்கள்.

என் மகன் ரவி ஓட்டுவது அதைவிடப் பெரிய லொறி. எல்லை தாண்டி அமெரிக்கா போய் வருவான். வீட்டில் நிற்கிற நாள் குறைவு. அவனுடைய பிக்கப் வாசலில் சும்மா நிற்கும். மருமகள் மிரேய் வடக்கே சகெனே பக்கத்தில் பிறந்தவள். அங்கே பனி என்றால் எங்களுக்கு மாரி மழை மாதிரியாம். நெடுங்காலம் கார்தெரியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், வேலை செய்தாள். போன கோடையில் ஒரு நாள் வந்து கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள்: "மாமி, எனக்கு ஏலா. வீட்ட வந்தும் காதுக்குள்ள புள்ளயள் கத்துது. நான் பனி தள்ளப் போறன்."

அவளுடைய தமிழ் முழுக்க என் வாயில் இருந்து எடுத்தது. பிறகு என்பதற்கு மறுகா என்பாள், விரைவாக என்பதற்குச் சுறுக்கா என்பாள். நான் அவளோடு எப்படிக் கதைப்பேனோ அப்படியே அவள் என்னோடு கதைப்பாள். வா, இரு, தின்னு. கோயிலில் சந்திக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். மரியாதைச் சொல் படிப்பித்துக் கொடுக்கச் சொல்லிப் புத்தி சொன்னவர்களும் உண்டு. அவள் பாஷையில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது போதும்.

பேத்தி மாயாவோ நேர் எதிர். தமிழ் அவளுக்குக் காதில் ஏறும், வாயில் இறங்காது. "அப்பம்மா" என்று மட்டும் வடிவாகச் சொல்லுவாள், மிச்சமெல்லாம் பிரெஞ்சு. அவளைப் பெற்ற பிரெஞ்சுக்காரி மட்டக்களப்புத் தமிழில் பதில் சொல்லுவாள். இந்த வீட்டில் எது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்!

பனி தள்ளப் போகிறேன் என்றதும் ரவி குதித்தான். "உனக்கு அது சரிவராது. முன்னுக்கும் பின்னுக்கும் போட்டு அடிச்சு கியர்பொக்ஸை உடைச்சிருவாய்."

"எங்கட அப்பா செய்தார், தம்பி செய்யிறான். நான் செய்தா உடையுமா?" என்றாள் அவள்.

நான் நடுவில் புகுந்தேன். "உனக்கென்னடா? சும்மா நிக்கிற வண்டிதானே. நீ ஓட்டினா கியர்பொக்ஸ் சிரிக்குமா, அவள் ஓட்டினா அழுமா?"

கடைசியில் இறங்கி வந்தான். ஆனால் ஒரு சொல் சொன்னான். "ஒரு வின்டர் பாப்பம். பிக்கப்புக்கு ஏதும் நடந்தா அதோட சரி. நான் வித்துப் போடுவன். பேந்து இந்தக் கதை இந்த வீட்டில வரக் கூடா."

மிரேய் சரி என்று தலையை ஆட்டினாள். இலையுதிர்ந்ததும் எங்கள் ரோட்டில் ஒப்புக்கொண்ட வீடுகளில் எல்லாம் பாதையின் இரண்டு பக்கமும் தோடம்பழ நிறக் கம்புகளை நட்டாள். பனிக்குள் பாதை எது, புல் எது என்று தெரிகிறதற்கு அந்தக் கம்பு. ஒவ்வொன்றிலும் அவளுடைய பெயர் ஒட்டியிருந்தது. பின்னேரம் நடக்கப் போகிற நேரம் நான் அந்தக் கம்புகளைப் பார்த்துக்கொண்டே போவேன். என் மருமகளின் பெயர் ரோட்டு நீளத்துக்கு நின்றது.

3

பனி இன்னும் வரவில்லை. தகட்டைப் பூட்டி ஒத்திகை பார்க்கிறேன் என்று போனவள் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன புள்ள, என்ன நடந்த?"

"பின்னுக்குப் போகுதில்ல மாமி. முன்னுக்குப் போகுது. பின்னுக்குப் போட்டா உறுமுது, அசையுதில்ல."

எனக்கு வண்டி தெரியாது. ஆனால் பனி தள்ளுகிற வண்டி பின்னுக்குப் போகாவிட்டால் அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும். முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு வந்து, மறுகா முன்னுக்குத் தள்ளுவதுதானே அந்த வேலை.

அவளுடைய தம்பி லுக் ஜொலியெட் பக்கம் இருக்கிறான். வண்டி வேலை அவனுக்குக் கைவந்தது. ஃபோனில் ஒன்றொன்றாக எல்லாம் கேட்டான். கியர்பொக்ஸ் உள்ளுக்குள்ளே தேய்ந்து முடிந்துவிட்டதாம். முன்னமே தேய்ந்து வந்ததுதான், யார் ஓட்டியிருந்தாலும் இந்த வின்டரோடு போயிருக்குமாம்.

"ரவி அதை நம்ப மாட்டார்" என்றாள் மிரேய். நம்ப மாட்டான் என்று எனக்கும் தெரியும், பெற்றவள் நான்.

பழைய வண்டிகளைக் கழற்றி விற்கிற இடத்தில் நல்ல கியர்பொக்ஸ் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டித் தருவதாக லுக் சொன்னான். ஒரு எச்சரிக்கையும் சொன்னான். இந்தப் பிக்கப்பில் ஒரே வருடத்தில் இரண்டு விதமான ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் வந்ததாம். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கியர் மாற்றுகிற தடியும் ஒன்று, அதில் உள்ள எழுத்தும் ஒன்று. ஆனால் ஒன்று மற்றதற்குப் பூட்டாது. "எது என்று சரியாகப் பார்த்துவிட்டு வாங்கு. பிழையானதை வாங்கினால் என்னாலும் ஒன்றும் செய்ய ஏலாது."

கழற்றி விற்கிறவரைக் கேட்டால் இரண்டு விதமும் தன்னிடம் இருக்கிறதாம். கொண்டு போனால் திருப்பி எடுக்க மாட்டாராம்.

ரவி அப்போது டெக்சாஸ் பக்கம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். ஆனால் கேட்டால் விஷயம் வெளிவரும். கம்புகளைப் பிடுங்க வேண்டி வரும்.

"வரட்டும், அவர் வந்ததும் நானே சொல்லுவன்" என்றாள் மிரேய். "ஆனா பிக்கப் ஓடிக்கொண்டு நிக்கிற நேரம் சொல்லுவன்."

எனக்கு அந்தச் சொல் பிடித்தது. ஒளிக்கிறவள் இல்லை அவள்.

4

முதலில் வண்டி விற்ற இடத்துக்கு ஃபோன் எடுத்தோம். பிரெஞ்சுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, சேவைக்கு மூன்று. பாட்டுப் போட்டார்கள். நான் பருப்பை அடுப்பில் வைத்து இறக்கியும்விட்டேன், பாட்டு முடியவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை வந்தாள். நல்ல பிள்ளை, போன்ஜூர் சொல்லித்தான் தொடங்கினாள். வண்டியின் இலக்கத்தைக் கேட்டாள், வாங்கினவரின் பெயரைக் கேட்டாள். வண்டி மிஸ்யூவின், அதாவது ரவியின், பெயரில் இருக்கிறபடியால் விவரம் மிஸ்யூவுக்குத்தான் சொல்லலாம் என்று மறுத்துவிட்டாள்.

"நான் அவருடைய மனைவி" என்றாள் மிரேய்.

"மிஸ்யூவை எடுக்கச் சொல்லுங்கள், மடாம்."

எனக்கு இந்த நாட்டுச் சட்டம் மேல் பெரிய மரியாதை. என் பேரில் உள்ள ஒரு கடுதாசியை என் மகனுக்கே காட்ட மாட்டோம் என்று இவர்கள் சொல்லி நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளையின் குடுமியைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது.

மிரேய்க்கு அப்போது ஒரு யோசனை வந்தது. முன்சீற்றுக்கு எதிரே சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், அதன் மூடிக்கு உள்பக்கம் கொம்பனி ஒரு வெள்ளைக் கடுதாசி ஒட்டியிருக்கும். வண்டிக்குள் என்னென்ன பூட்டியது என்று அதில் குறி போட்டிருக்குமாம். ஓடிப் போய்த் திறந்தோம்.

பிள்ளையார் இருந்தார்.

வண்டி வாங்கின அன்றைக்கு டொலார்டில் உள்ள முருகன் கோயிலுக்குக் கொண்டு போனோம். ஐயர் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கச் சொன்னார். மறுகா ஒரு பிள்ளையார் படம் கொடுத்தார். வெயிலில் வைத்தால் நிறம் போகும் என்று ரவி வெயில் படாத இடம் தேடியிருக்கிறான். நல்ல வெள்ளையாக, மட்டமாக, கடவுளுக்கென்றே விட்ட மாதிரி ஒரு இடம் கிடைத்திருக்கிறது. இரும்பு ஒட்டுகிற பசையால் ஒட்டிவிட்டான்.

"கழட்டு புள்ள" என்றேன்.

"நான் தொட மாட்டன் மாமி. இது சாமி."

"சாமிதான். அவருக்குத் தெரியாதா நம்மட அவசரம்? மஞ்சள்ல புடிச்சு வச்சுக் கும்பிட்டுப் போட்டுக் கரைக்கிற சாமிகா அவர். கோவிக்க மாட்டார்."

"அப்ப நீ கழட்டு."

"எனக்குக் கண் தெரியா."

"எனக்குப் பயம்."

"நீ சிலுவை போடுறவள், உனக்கென்ன பயம்?"

"ரெண்டு பேரும் கோவிச்சா?" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. கடைசியில் நான் பிள்ளையாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒரு மூலையைப் பிடித்தேன், அவள் மற்ற மூலையைப் பிடித்தாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து அந்த ஆவி காட்டி மெல்ல மெல்ல உரித்தோம். பிள்ளையார் முழுதாக வந்தார், ஒரு கீறல் இல்லை. ஆனால் கடுதாசியின் எழுத்தும் அவரோடு சேர்ந்து வந்துவிட்டது. அங்கே ஒரு எழுத்து, இங்கே அரை எழுத்து. லுக்குக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இதில் ஒன்றும் விளங்காது, இனி அடியில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

5

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தையல்காரி. மட்டக்களப்பில் என் கையால் சட்டை தைத்துப் போடாத கலியாணப் பொம்பிளைகள் எங்கள் பக்கத்தில் குறைவு. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், அந்தப் பெருமை எனக்கு இருக்கிறது. ரவியின் அப்பா இளம் வயதிலேயே செத்து மோசம் போய்விட்டார். ரவியை வளர்த்தது என் தையல் மிசின். இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் மிசினின் தலையை மட்டும் கழற்றிச் சீலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். ரவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான்.

இங்கே வந்த புதுசில் அரசாங்கம் பிரெஞ்சு வகுப்புக்கு விட்டது. எனக்குச் சொந்த எழுத்தே தட்டுத்தடுமாறும், அதற்குள் பிரெஞ்சா என்று அழுகை வந்தது. படிப்பிக்கிற மடாம் என் பக்கத்தில் வந்திருந்து, ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் கையால் தைத்துக் காட்டினேன். அடுத்த நாள் அவர் நூலும் ஊசியும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பெயரையும் எனக்குச் சொல்லித் தந்தார். மற்றவர்கள் ரயில் டிக்கெட் கேட்கப் படித்த நேரம் நான் பொத்தானும் கையும் கழுத்தும் படித்தேன். அளவு வெட்டுகிற கடுதாசிக்குப் பெயர் பத்ரோன். அப்படி ஒரு டீச்சரை எனக்குத் தந்த நாட்டை நான் எப்படிக் குறை சொல்லுவேன்? குளிர்தான், இல்லை என்று சொல்லவில்லை.

6

வண்டி முன்னுக்குப் போகும் என்றேனே, அது உதவியது. சரிவான இரண்டு இரும்புப் பலகையை வைத்து முன்சில்லை ஏற்றி நிறுத்தினாள், பின்சில்லுக்குக் கட்டை வைத்தாள். பழைய கம்பளத்தை விரித்து அடியில் போனாள். கால் இரண்டு மட்டும் வெளியில் தெரிந்தது. நான் பக்கத்தில் கதிரை போட்டுக் கம்பளிக்குள் புதைந்திருந்து டோச் வெளிச்சம் பிடித்தேன்.

லுக் சொன்ன அடையாளம் இதுதான். கியர்பொக்ஸின் அடியில் எண்ணெய் நிற்கிற தட்டம் ஒன்று இருக்கும். ஒரு விதத்தில் அது கிட்டத்தட்டச் சதுரம், ஒரு மூலை மட்டும் வெட்டினது போல இருக்கும். மற்ற விதத்தில் தட்டம் நீளம், மூலை எல்லாம் மழுங்கியிருக்கும்.

"என்ன தெரியுது புள்ள?"

"ஊத்தை தெரியுது."

"மூலை?"

"ஒரு பக்கம் மூலை இருக்கு. மத்தப் பக்கம் குறுக்க இரும்பு போகுது, தெரியுதில்ல. நீளமா, இல்லையா... மாமி, எல்லாம் ஒரே கறுப்பு."

ஃபோனை நீட்டிப் படம் எடுத்தாள். படத்தில் ஒரு கறுப்பு, அதற்குள் இன்னொரு கறுப்பு. லுக் திருப்பி ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினான். மிரேய் வெளியில் வந்து அப்படியே தரையில் இருந்தாள். முகம் முழுக்கக் கரி. ரோட்டைப் பார்த்தாள், அந்தக் கம்புகளை. வானம் வெள்ளைத் துணி மாதிரிக் கிடந்தது. கிழமை முடியப் பனி என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

நான் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். ஒரு பெண்ணுக்குச் சட்டை தைக்க வேண்டும், ஆனால் அவள் நேரில் வர மாட்டாள் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? அளவுச் சட்டை கொடுத்து விடச் சொல்லுவோம். அதைக் கடுதாசியில் வைத்து ஓரத்தை அழுத்தி உருவத்தை எடுப்போம். தட்டம் வர மாட்டாது என்றால் அதன் உருவம் வரலாம்தானே.

பார்சல் சுற்றி வந்த மண்ணிறக் கடுதாசியை மடித்து வைத்திருந்தேன். கொண்டு வந்து கொடுத்தேன். "இதைத் தட்டத்தில வச்சு உள்ளங்கையால அழுத்து. விளிம்பு தட்டுற இடமெல்லாம் விரலால தேச்சுக்கொண்டு போ. கண்ணால பாக்காத, கையால பார். இரும்புக்கு மேலால விரல் போகும்தானே?"

"போகும்."

"அப்ப போ."

ஊத்தை என்று அவள் திட்டினாளே, அந்த ஊத்தைதான் மையாக உதவியது. விளிம்பு முழுக்கக் கறுப்புக் கோடாகக் கடுதாசியில் விழுந்தது. ஆணித் தலைகள் கூட வட்டம் வட்டமாக, பொத்தான் மாதிரி. கோட்டின் மேலேயே என் கத்தரிக்கோலை ஓட்டி வெட்டினேன். ஒரு மூலை வெட்டுண்டிருந்தது. அது அவள் அழுத்தாமல் விட்டதோ, உண்மையாகவே வெட்டோ, எங்கள் இரண்டு பேருக்கும் நிச்சயம் இல்லை. வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

7

கோடையென்றால் படகில் ஏறி அக்கரையில் இருக்கிற லாவலுக்குப் போய்விடலாம். குளிருக்குப் படகை நிறுத்திவிட்டார்கள். எங்கள் சின்னக் காரில் பாலம் தாண்டி, சுற்றி, வடக்கே அந்தக் கழற்றி விற்கிறவரின் இடத்துக்குப் போனோம். கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். சுருண்டுவிடக் கூடாது என்று ரோட்டு முழுக்க உள்ளங்கையால் நீவிக்கொண்டு வந்தேன்.

பழைய வண்டிகள் வயல் மாதிரிப் பரந்து கிடந்தன. கொட்டிலுக்குள் பெரிய தொப்பி போட்ட மனுசன் ஒருவர். எனக்கு என் பிரெஞ்சைக் காட்ட ஆசை வந்தது. கடுதாசியைத் தூக்கி, "மிஸ்யூ, பத்ரோன்!" என்றேன்.

"நான்தான், மடாம்" என்றார்.

நான் மறுகாவும் "பத்ரோன்!" என்றேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, "ஓம், நான்தான்" என்றார். மிரேய் காரின் மேல் சாய்ந்து சிரிக்கிறாள். முதலாளிக்கும் இந்த நாட்டில் அதே சொல்லாம், எனக்கு யார் சொன்னார்கள்? மடாம் தையல் பெட்டியை மட்டும்தானே படிப்பித்தார்.

மிரேய் விஷயத்தைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "இத்தனை காலத்தில் கியர்பொக்ஸுக்கு உடுப்புத் தைக்க வந்த ஆக்களை இப்பதான் காண்கிறேன்." ஆனாலும் நல்ல மனுசன். இரண்டு கியர்பொக்ஸையும் சங்கிலியில் தூக்கித் தட்டம் மேலே தெரிகிற மாதிரிக் கவிழ்த்து வைத்தார்.

முதலில் நீளமானதில் வைத்தார். கடுதாசி அரைவாசியைக் கூட மூடவில்லை. சதுரமானதில் வைத்தார். அளவு கிட்ட வந்தது. ஆனால் எங்கள் கடுதாசியில் மூலை இடது பக்கம் வெட்டியிருந்தது, அவருடைய தட்டத்தில் வலது பக்கம்.

"இதுவும் இல்லை, அதுவும் இல்லை" என்றார். "உங்களுடையது வேறு ஏதோ. வேறு யாரிடமாவது பாருங்கள்."

மிரேயின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். "சரி மாமி, வா போவம்" என்றாள். ரவியிடம் சொல்லிவிடலாம் என்று அவள் அந்த இடத்திலேயே மனதுக்குள் கம்பைப் பிடுங்கத் தொடங்கிவிட்டாள், எனக்குத் தெரியும்.

நான் போகவில்லை. மூலை இருக்கிறது, அளவு இருக்கிறது, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. சட்டை வெட்டுகிறவளுக்கு இது எத்தனை தரம் நடந்திருக்கும்! துணியை மறுபக்கம் போட்டு வெட்டினால் வலது கை இடது கையாகிவிடும். அவர் ஊத்தை கையில் படக் கூடாது என்று ஊத்தைப் பக்கத்தை மேலே பார்க்க வைத்திருந்தார். எங்கள் வண்டியில் தட்டத்தைத் தொட்டது அந்த ஊத்தைப் பக்கம்தானே?

"மிஸ்யூ, அத்தாந்தே, பொறுங்க" என்று கடுதாசியைத் தூக்கி, திருப்பி, ஊத்தை கீழே படுகிற மாதிரி வைத்தேன்.

மூலை மூலையில் இருந்தது. ஆணித் தலை ஒவ்வொன்றும் அதனதன் வட்டத்துக்குள் இருந்தது. நான் ஓரத்தை ஒருக்காத் தடவிவிட்டேன். அளவெடுத்த சட்டை அதற்குரிய உடம்பில் எப்படி நிற்குமோ, அப்படி நின்றது.

பிறகு அந்தப் பத்ரோன் இந்தப் பத்ரோனைப் பார்த்து "தபர்நாக்" என்றார். அது இந்த ஊர்க் கெட்ட வார்த்தை. எனக்கு அது மாலை போட்ட மாதிரி இருந்தது. மிரேய் இன்னும் கழுவாத கரிக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். என் நல்ல கம்பளியில் அந்தக் கை அடையாளம் இன்னும் இருக்கிறது, தோய்த்தும் போகவில்லை. தோய்க்கக் கஷ்டப்படவும் இல்லை.

8

ஞாயிற்றுக்கிழமை லுக் ஒரு கூட்டாளியோடு வந்து பூட்டினான். நான் அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் கோழியும் கொடுத்தேன். லுக் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தான். பிறகு மிரேய் ஏறி இருந்து தடியைப் பின்னுக்குப் போட்டாள். நான் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். மாயா "அப்பம்மா!" என்று கத்தினாள். திறந்து பார்க்கிறேன், பிக்கப் ரோட்டில் நிற்கிறது. மூக்கு எங்களைப் பார்க்கிறது.

அந்தக் கிழமையே பனி வந்தது. மிரேய் விடிகிறதுக்கு முன்னம் எழும்பிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மஞ்சள் வெளிச்சம் போய்ப் போய் வந்தது. பகலில் ஒவ்வொரு வீட்டில் இருந்தும் கார் வெளியே வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மெர்சி என்று நன்றி சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீங்க. லுக்குக்கு, அந்தப் பெரிய தொப்பிக்கு, வகுப்பு மடாமுக்கு, இப்போது என் அறையில் இருக்கிற பிள்ளையாருக்கு, எல்லாருக்கும்தான்.

ரவி வந்தான். அவன் சாப்பிட்டு முடியும் வரைதான் மிரேய் பொறுத்தாள். பிறகு ஒன்றும் விடாமல் சொன்னாள். வண்டி பின்னுக்குப் போகவில்லை, கியர்பொக்ஸ் மாற்றினோம், இப்போது ஓடுகிறது. நான் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எந்த கியர்பொக்ஸ்?" என்றான்.

"மூலை வெட்டினது."

"அப்பிடி ரெண்டு விதம் இருக்கா?"

அவனுக்கே தெரியாது! அவனைக் கேட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

ரவி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். பனிக்குள் மல்லாந்து படுத்துப் பிக்கப்பின் அடியில் புகுந்தான். கனநேரம் வரவில்லை. வந்தவன் தலைமயிரில் இருந்த பனியைத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டான். மிரேய் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அன்றைக்கு அவள் நித்திரை கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

விடியக் கண் விழித்தால் ஜன்னல் முழுக்க வெள்ளை. பெரிய கொட்டல். மிரேய் வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ரவி மேலே இருந்து இறங்கி வந்தான், தடித்த கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு. அவன் சாவியைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் மூலையில் இருந்த சவளை எடுத்தான். "படியெல்லாம் ஆர் அள்ளுறது? தகடு படியில ஏறாதே" என்றான்.

"நான்தான் இறங்கி அள்ளுறனான்."

"நீ இறங்காத. ஓட்டு." சவளைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றான். "எந்த வீட்டில தொடங்கட்டும்?"

மிரேய் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடிக்கவில்லை. அப்படியே நிமிர்ந்து, கண்ணாடிக் கதவால் ரோட்டைக் காட்டினாள். "அந்தப் பச்சைக் கதவு. அந்த மடாமுக்குக் கால் ஏலா. முதல் அவட படி."

அவன் போனான்.